காது நிமிரும் சத்தம்

கண்காட்சிக்கு நான் போனது அப்பா மூன்று முறை போன் செய்ததால்தான்.

"உங்கப்பன் மூஞ்சியைச் சுவத்துல மாட்டியிருக்காங்க. நேரம் இருந்தா வந்து பாரு. இல்லேன்னா விடு," என்றார்.

சந்தோஷத்தைக்கூடப் புகார் மாதிரித்தான் சொல்ல வரும் அவருக்கு. பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருடம் நேரக்காப்பாளராக இருந்தவர். ஒரு வண்டி இரண்டு நிமிடம் தாமதமாக உள்ளே வந்தால் ஓட்டுநரின் பரம்பரையையே இழுத்துவைத்துப் பேசுவார். அவர் குரலில் பெருமையை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

நூலகத்தின் மாடியில் நீளமான அறை. வாசலில் ஒரு பலகை: மனிதர்களும் அவர்களின் உயிர்களும். உள்ளே சுவர் முழுக்கப் படங்கள். தோளில் கிளியுடன் ஒரு தையல்காரர். குதிரையின் நெற்றியோடு நெற்றி வைத்து நிற்கும் ஒரு பெண். கிழட்டுப் பூனையை மடியில் வைத்துக்கொண்டு பேப்பர் படிக்கும் ஒருவர். அப்பாவின் படம் கடைசிச் சுவரில், மற்றவற்றைப்போல இரண்டு மடங்கு அளவில், தனியாகத் தொங்கியது.

அப்பா தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் முழங்காலை ஒட்டி நாய். அதன் கழுத்தில் அவர் கை. நாயின் இரண்டு காதுகளும் நிமிர்ந்திருக்கின்றன. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. கண்ணில் ஈரம் மின்னுகிறது. அப்பாவின் முகமும் நான் பார்த்தறியாத ஒரு மாதிரி இளகிக் கிடக்கிறது. கீழே சின்ன அட்டை: அன்புக்கு வேறு சாட்சி வேண்டாம்.

என் பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் கணவரிடம் சொன்னார். "அந்த மனுஷனை அது எப்படிப் பாக்குது பாருங்க. நீங்க என்னை ஒரு நாளாவது இப்படிப் பாத்திருப்பீங்களா?"

"நீ காதை அப்படித் தூக்கிக் காட்டு, பாக்கறேன்," என்றார் கணவர்.

நாய் அந்த மனுஷனைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்த்த ஒருவருக்கும் அது தெரியவில்லை.

பல் கட்டும் கூடத்தில் எனக்கு வேலை. மெழுகிலும் பிளாஸ்டரிலும் அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெற்றிடத்தை வைத்து அங்கே என்ன இருந்தது என்று கண்டுபிடிப்பதுதான் தொழில். அந்தப் படத்தில் நாயின் பார்வை அப்பாவைத் தாண்டி, கேமராவையும் தாண்டி, கதவு இருக்கும் பக்கம் போயிருந்தது. ஒரு ஆள் உயரத்தில். அம்மாவின் உயரத்தில்.

அந்த முகம் எனக்குத் தெரியும். அம்மா கடைக்குப் போய்த் திரும்பும்போது, படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் அதற்கு வரும் முகம் அது. அம்மா போய் ஏழு மாதமாகிறது. இந்த ஏழு மாதத்தில் அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

போட்டோகிராபர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு பைகள் வைத்த மேல்சட்டை. முப்பது வயதிருக்கும். நல்ல மனிதர் என்று பார்த்ததுமே தெரிந்தது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"நாயை எப்படி இப்படி நிக்க வச்சீங்க?" என்றேன்.

"எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க, மேடம்." அவர் முகம் மலர்ந்தது. "பிராணிங்க கேமராவைப் பாத்துச் சிரிக்காது. ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரு சத்தம் இருக்கும். அதைக் கண்டுபிடிச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது. அந்தக் குதிரைக்கு வாளிச் சத்தம். பூனைக்கு பிஸ்கட் கவர். கிளிக்குக் குக்கர் விசில், சொன்னா நம்ப மாட்டீங்க."

"இதுக்கு?"

"இதுதான் என்னைப் படாதபாடு படுத்திடுச்சு. விசில் அடிச்சேன், பந்து உருட்டினேன், சாவியை ஆட்டினேன். ஒரு மணி நேரம். செத்த பாம்பு மாதிரிக் கெடந்துச்சு. அப்புறம் அந்த ஐயாவே போனை எடுத்து எதையோ தேடிப் போட்டார். ஒரு அம்மா குரல். அவ்வளவுதான், மேடம்! எழுந்துச்சு பாருங்க. எனக்கே புல்லரிச்சுப் போச்சு. எட்டு படம் எடுத்தேன். எட்டும் தங்கம்."

நான் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதை அவர் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு சொல்லவா? அந்த மெசேஜை ஐயாவும் அன்னிக்குத்தான் மொதல் தடவையா கேக்கறாராம். திறக்காமலே இருந்துச்சாம். அதான் அவர் முகமும் அப்படி அமைஞ்சுடுச்சு."

"அது யார் குரல்னு கேட்டீங்களா?"

"வீட்டுக்காரம்மாவா இருக்கும். எங்கயாவது ஊருக்குப் போயிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"ஆமா. ஊருக்குத்தான் போயிருக்காங்க. ஏழு மாசம் ஆச்சு. இன்னும் எரிச்ச எடத்துல இருந்து திரும்பல."

அவர் கை தானாக மேல்சட்டையின் ஒரு பைக்குள் போய்ப் பதுங்கியது.

"படம் எடுத்ததும் நாய் என்ன பண்ணுச்சு?" என்றேன்.

"வாசலுக்கு ஓடுச்சு," என்றார் மெல்ல. "கதவைப் பிறாண்டிக்கிட்டே இருந்துச்சு. நான் அதுக்குள்ள லைட்டையெல்லாம் மடிச்சுக் கிளம்பிட்டேன்."

*

அந்த மெசேஜை அம்மா பதிவு செய்தபோது நான் கட்டில் பக்கத்தில்தான் இருந்தேன். ஆஸ்பத்திரியில் ஒன்பதாவது நாள். கொஞ்சம் பேசினாலே இரண்டு நிமிடம் மூச்சு வாங்க வேண்டிய நிலை. என் போனில் பேசி அப்பாவுக்கு அனுப்பச் சொன்னார். "துரை காதுல வச்சுப் போடச் சொல்லு. நான் எங்கியோ தொலைஞ்சு போயிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருப்பான்."

துரை என்பது நாய். காலையில் எட்டு மணிக்கு முன் எழாது என்பதால் அம்மா வைத்த பட்டப்பெயர். "துரை எழுந்தருளியாச்சா? துரைக்குப் படுக்கையிலேயே காப்பி வேணுமா?" என்று அதனோடு பேசிக்கொண்டே வீட்டைப் பெருக்குவார். அப்பா அதன் பெயரைச் சொல்லவே மாட்டார். 'உன் துரை' என்பார். "உன் துரை என் செருப்பைத் தின்னுது." "உன் துரையைக் கட்டிப் போடு, இல்ல என்னைக் கட்டிப் போடு."

அதன் பிறகு நான்கு நாள் இருந்தார் அம்மா. நான்கு நாளும் அப்பா உள்ளே வந்தவுடன் அம்மாவின் முதல் கேள்வி, "துரை கேட்டானா?" என்பதுதான். அப்பா பையைக் கீழே வைத்துக்கொண்டே சொல்வார்: "கேட்டான், கேட்டான். வாலை ஆட்டினான்."

வாலை ஆட்டினான். அதைக் கூடச் சேர்த்துச் சொன்னார்.

நூலகத்திலிருந்து அப்பா வீட்டுக்கு நடந்தே போனேன். இரண்டாவது மாடி. உள்ளே நுழைந்ததும் நான் பார்த்தது கதவின் அடிப்பாகத்தை. ஒரு முழ அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்து, மரம் வெளுத்துத் தெரிந்தது. நாய் அங்கேயே படுத்திருந்தது. என்னைப் பார்த்து வாலை இரண்டு தடவை தரையில் தட்டியது, மரியாதைக்கு.

"பாத்தியா?" என்றார் அப்பா. "எல்லாத்தையும் விடப் பெரிசு. வாசல்ல இருந்த பொண்ணு, நீங்கதானா சார் அதுன்னு கேட்டுக் கை குடுத்துச்சு."

"ஆஸ்பத்திரியில இருந்து அனுப்பினப்ப அந்த மெசேஜைப் போடலை, இல்லையா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னலைப் பார்த்தார். எங்கள் வீட்டில் பதில் இல்லாத கேள்விகளுக்கெல்லாம் அந்த ஜன்னல்தான் பதில்.

"வாலை ஆட்டினான்னு சொன்னீங்க."

"அவளுக்கு நிம்மதியா இருக்கட்டும்னு சொன்னேன். தப்பா?"

"போட்டுட்டே சொல்லியிருக்கலாமே. பன்னெண்டு செகண்டுப்பா அது. பன்னெண்டே செகண்டு."

"அன்னிக்கு நான் இருந்த இருப்புல நாய் காதுல போனைப் புடிச்சுக்கிட்டு நிக்கணுமா? ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நாலு நடை. நீ கடைசியிலதான வந்து நின்ன? அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை மகள். வாரத்துக்கு ஒரு நாள் லீவுக்கு வர்ற சொந்தம்."

அது எங்கே படவேண்டுமோ அங்கேதான் பட்டது. பட்டதைக் காட்டிக்கொள்ளக்கூடாது என்று நாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எதிர்வீட்டில் யாரோ துணியை அடித்துத் துவைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"படம் எடுத்ததுக்கப்புறமும் அதைப் போட்டீங்களா?" என்றேன்.

"சாயந்தரம் அஞ்சேகாலுக்குப் போடுவேன்."

"தினமுமா?"

"தினமும்தான். மொதல்ல ஓடிவந்து கதவுகிட்ட நிக்கும். அப்புறம் என்கிட்ட வந்து கையை மோந்து பாக்கும், போனை மோந்து பாக்கும். என் கால் மேலயே தலையை வச்சுப் படுத்துக்கும்." அவர் குரல் தாழ்ந்தது. "அது காதைத் தூக்கறப்ப, வீட்டுக்குள்ள யாரோ இருக்கற மாதிரி இருக்கு."

இதைக் கேட்டு எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை.

"இப்ப ஓடுதா?"

"இல்ல. தலையை மட்டும் தூக்கும்."

"அதுவும் நின்னுடும். அது ஒவ்வொரு தடவையும் அம்மா வந்துட்டாங்கன்னு நெனச்சு எழுந்திருக்குதுப்பா. நீங்க ஒவ்வொரு தடவையும் அதை ஏமாத்தறீங்க. ஊர்ல எல்லாரும் வந்து பாத்துட்டு, ஆகா என்ன அன்பு, என்ன அன்புங்கறாங்க. அந்தப் பார்வை உங்களுக்கா வந்தது?"

"என் வீடு. என் நாய்."

"உங்க நாயா? எப்பலேருந்து?"

அவர் மறுபடி ஜன்னலைப் பார்த்தார். பிறகு, தகவல் சொல்வதுபோல, "ஞாயித்துக்கிழமை அந்த போட்டோ எடுத்த தம்பி திரும்ப வர்றார். காலண்டர் போடறாங்களாம். அட்டையில நாங்கதான்," என்றார்.

"எடுத்துக்கோங்க. ஆனா அம்மா குரலைப் போடக்கூடாது. இனிமே ஒரு தடவைகூட அதுக்குப் போடக்கூடாது. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"எத்தனை மணிக்கு வர்றார்?" என்றும் கேட்டேன். நானும் அங்கே இருப்பதாக முடிவு செய்துவிட்டிருந்தேன்.

"பத்து மணிக்கு," என்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது படியேறினேன். முதல் மாடித் திருப்பத்தில் அம்மாவின் குரல் கேட்டது.

"துரை... டேய் துரை... எங்கடா இருக்க?"

போனில் வரும் சின்னக் குரல் இல்லை. மாடிப்படி முழுக்க நிறையும் குரல். வீட்டுக்குள்ளிருந்து, சத்தமாக, உயிரோடு. என் கால் வேகமெடுத்தது. இரண்டு இரண்டு படியாக ஓடினேன். கையிலிருந்த பை கைப்பிடிச் சுவரில் இடித்தது. "சாப்பிட்டியாடா? வந்துடறேன். வந்துடறேண்டா..." கடைசியில் இருமல் வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த இருமல் ஆஸ்பத்திரி இருமல். இரண்டாவது மாடியின் கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கினேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. உள்ளே குரல் முதலிலிருந்து மறுபடி தொடங்கியது.

கதவைத் தள்ளினேன். விளக்குகள் நின்றிருந்தன, வெள்ளைக் குடைகளோடு. சோபாவை ஓரம் தள்ளியிருந்தார்கள். தரையில் ஒரு கறுப்பு ஸ்பீக்கர். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், தலை வாரி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் போனிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒயர் ஓடியது.

எனக்குப் பத்து மணி சொன்னவர் போட்டோகிராபருக்கு எட்டு மணி சொல்லியிருக்கிறார். நேரக்காப்பாளர்.

நாய் அவர் காலடியில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. காதுகள் தலையோடு ஒட்டிக் கிடந்தன. அம்மாவின் குரல் அதன் முதுகுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. தூங்கவில்லை, கண் திறந்துதான் இருந்தது. அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, அது அம்மா இல்லை என்று முடிவு செய்துவிட்டிருந்தது.

"நிறுத்துங்க," என்றேன்.

போட்டோகிராபர்தான் குனிந்து நிறுத்தினார். அவர் முகம் சிவந்திருந்தது. "மேடம், நான் வேணாம்னுதான் சொன்னேன். ஐயாதான் சத்தமா வச்சா கேக்கும்னாரு. அதுக்குக் காது மந்தமா இருக்கும்னாரு."

"எத்தனை தடவை போட்டீங்க?"

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சட்டையின் பொத்தானைச் சரிசெய்தார்.

"இருபது இருக்கும்," என்றார் போட்டோகிராபர்.

அறையில் விளக்குகளின் சூடு. நாயின் விலா மெதுவாக ஏறி இறங்கியது. திட்டுவதற்கு என்னிடம் நிறைய இருந்தது. நடந்து வரும்போதெல்லாம் கோர்த்துக்கோர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டு நாயையே பார்த்தேன். அம்மா சொல்லிவிட்டுப் போன ஒரே ஒரு விஷயம், அது போய்ச் சேரவேண்டிய ஒரே ஒரு காது. அந்தக் காது மூடிவிட்டது. இனி அந்தக் குரலை என்ன செய்வது?

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம்," போட்டோகிராபர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "உங்க குரல் அப்படியே அவங்க குரல் மாதிரி இருக்கு. நீங்க நேர்ல ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்தா, ஒருவேளை... நேர்ல இருந்து வர்ற குரலுக்கு ஒரு வித்தியாசம் இருக்கும். இல்லேன்னா நான் மூட்டை கட்டிடறேன். சத்தியமா."

"கூப்பிடும்மா," என்றார் அப்பா. என்னைப் பார்க்கவில்லை. "ஒரே ஒரு தடவை. அப்புறம் நான் கேக்கவே மாட்டேன்."

"எங்க நிக்கணும்?" என்றேன்.

என் குரல் அமைதியாக இருந்தது எனக்கே பயமாக இருந்தது. போட்டோகிராபர் சந்தோஷப்பட்டு, "எனக்குப் பின்னால, அந்தச் சமையலறைக் கதவுகிட்ட. உள்ள இருந்து கூப்பிடற மாதிரி," என்றார். போய் நின்றேன். அப்பா குனிந்து நாயின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, படத்துக்கான முகத்தை வைத்துக்கொண்டார். கேமரா தயாரானது.

"ஏங்க," என்றேன்.

முதல் எழுத்தை நீட்டி, கடைசியைக் கொஞ்சம் தூக்கி. கை மாவாகவோ ஈரமாகவோ இருக்கும்போது, உதவிக்கு ஆள் வேண்டும் என்று அம்மா கூப்பிடுவது அப்படித்தான். "ஏங்க, இங்க ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்களேன்."

"தோ வரேன்," என்றார் அப்பா.

யோசித்துச் சொன்னதல்ல. சொல்லி முடித்தபோது நாற்காலியின் கைப்பிடியில் கையூன்றிப் பாதி எழுந்துவிட்டிருந்தார். முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் என்னைத் தாண்டி, உள்ளே, அடுப்பு இருக்கும் இடத்தைப் பார்த்தது. சலிப்பும், 'இவளுக்கு வேற வேலையில்ல' என்ற முணுமுணுப்பும், அதோடு எழுந்து வரும் கால்களும். நாற்பத்திரண்டு வருடக் குடித்தனம் அந்த ஒரே முகத்தில் இருந்தது. கேமரா மூன்று முறை சொடுக்கியது.

பிறகு அவர் என்னைப் பார்த்தார்.

உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. நாய் சுவரைப் பார்த்தபடியே கிடந்தது.

"ஐயோ, சூப்பர் சார்!" போட்டோகிராபர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார். "நாய்தான் திரும்பல. ஆனா உங்க முகம்..." எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாக்கியத்தை அப்படியே விட்டார்.

"அதை அழிச்சுடுங்க, தம்பி," என்றார் அப்பா.

"சார், இது மாதிரி ஒண்ணு..."

"அழிச்சுடுங்க."

அவர் அழித்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குடைகளை மடித்தார், ஒயரைச் சுற்றினார், ஸ்பீக்கரைப் பையில் போட்டார். சோபாவைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

அப்பா உட்கார்ந்திருந்தார். நான் சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றேன்.

"வேணும்னுதானே பண்ணின?" என்றார்.

"ஆமா."

"ம்."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார், சற்று முன் கையூன்றிய அதே இடத்தை.

"இன்னொரு தடவை கூப்பிடு," என்றார்.

"என்னது?"

"அதே மாதிரி. ஒரே ஒரு தடவை."

அவருக்கு வலிக்கவேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். வலித்தது. வலித்ததையே திரும்பக் கேட்கிறார். என்ன மனிதர் இவர் என்று வந்தது. இவரை நான் என்ன செய்துவிட்டேன் என்றும் வந்தது. இரண்டாவதை நான் உள்ளே விடவில்லை.

"மாட்டேன்பா. அப்புறம் நாளைக்கும் கேப்பீங்க. அஞ்சேகாலுக்கு."

"கேப்பேன்," என்றார். மறைக்கவில்லை.

நாயின் சங்கிலி ஆணியில் தொங்கியது. எடுத்தேன். "இது என்கூட வரட்டும். போன் உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்க எத்தனை தடவை வேணும்னாலும் கேளுங்க. இது இனிமே கேக்க வேணாம்."

அவர் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாய் உடனே எழவில்லை. சங்கிலியை மாட்டி, கழுத்துக்குக் கீழே தட்டி, பெயர் சொல்லாமல் "வா" என்றேன். என் சொந்தக் குரலில். எழுந்தது. அப்பாவின் காலை ஒரு தடவை மோந்துவிட்டு என் பின்னால் வந்தது. அவர் கையை நீட்டினார். அது தாண்டிப் போயிருந்தது.

கதவைச் சாத்திவிட்டு நான்கு படி இறங்கியிருப்போம். உள்ளே அம்மாவின் குரல் தொடங்கியது. ஸ்பீக்கர் இல்லாமல், சின்னதாக.

நான் நின்றேன். நாய் நிற்கவில்லை. சங்கிலி விறைத்து, என் கையைக் கீழ்ப்பக்கமாக இழுத்தது. அம்மா துரையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். துரை தெருவை நோக்கி இழுத்துக்கொண்டே இருந்தான். கதவின் அந்தப் பக்கம் குரல் முடிந்து, மறுபடி தொடங்குவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று இறங்கினேன்.